ஆடியில் இடித்த சுவர்

தான் கட்டிய சுவரைத் தன் கையாலேயே இடித்த மேசன் இந்த மலைப்பக்கத்தில் தான் ஒருவன்தான் என்று சூசைரட்ணம் இன்றைக்கும் சொல்வான். சொல்லும்போது சிரிக்க மாட்டான். சுவர் கோணலாக இருந்து இடித்திருந்தால் அது வேறு. தண்ணீர் அரித்து விழுந்திருந்தால் அதுவும் வேறு. நூல் பிடித்தாற்போல் நின்ற சுவர் அது. இடுப்பளவு உயரத்துக்குக் கருங்கல். ஒரு தாளில் போட்டிருந்த தேதிக்காக அதை இடிக்க வேண்டி வந்தது. வழி சொன்னது கொழும்புக்காரர். இடிக்கச் சொல்லிக் கேட்டது மார்கிரட். இடித்தது இவன்.

கோபத்தை யார் தலையில் வைப்பது என்று தெரியாததால்தான் இத்தனை வருடமாக அது இறங்காமல் கிடக்கிறது. கொழும்புக்காரர் தலையில் வைக்கலாம் என்றால், அந்த மனுஷன் கெட்டவரில்லை. கோயில் தலைவர் மாயாண்டி தலையில் வைக்கலாம் என்றால், அவர் சொன்னதை அன்றைக்கு எல்லோரும்தான் தலையாட்டிக் கேட்டார்கள், சூசையும் சேர்ந்து. மார்கிரட் தலையில் வைக்க மனசு வராது.

மார்கிரட், பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் கல்லுமலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாம்மா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. காலையில் அழுகிற குழந்தையை ஒரு கையில் வாங்கி, அழுகிற தாயை மறு கையால் தள்ளி, "போடி, போய் கொழுந்தப் பாரு, ஒம்புள்ளைய நான் திங்க மாட்டேன்" என்று விரட்டுவாள். வாய் அப்படி. கை அப்படியில்லை. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். எந்தத் தொட்டிலில் எந்தக் குழந்தை எந்த நேரத்துக்கு முழிக்கும் என்று பார்க்காமலே போய் நிற்பாள்.

அவளும் முதலில் கொழுந்து எடுத்தவள்தான். ஒரு மழை நாளில் கூடையோடு வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து முழங்கால் சில்லு விலகிவிட்டது. மலை ஏற முடியாதவளுக்கு எதற்குப் பெயர் என்று கணக்கிலிருந்து வெட்டப் பார்த்தார்கள். மார்கிரட் அழவில்லை, யார் காலிலும் விழவில்லை. ஒவ்வொரு நாள் விடியற்காலையும் நொண்டிக்கொண்டே பெரட்டுக்களத்துக்கு வந்து, பெயர் கூப்பிடும் இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். போகச் சொன்னால் போவாள், மறுநாள் வந்துவிடுவாள். பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டுப் போன தொரை, "இவளைப் பிள்ளைக்காம்பராவில் போடு, என் கண்ணில் படாமல் இருக்கட்டும்" என்றாராம். அப்படிக் கிடைத்த வேலை.

புருஷன் அந்தோனிமுத்து தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். இருமி இருமியே போய்விட்டார். ஒரே மகள் சிசிலியைப் பொல்பிட்டியவில் கட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு காம்பராப் பிள்ளைகள்தான் அவளுக்கு வீடு, வாசல் எல்லாம். மாவு கிடைக்காமல் தோட்டமே பட்டினி கிடந்த எழுபத்து நாலாம் வருஷம், தன் வீட்டுப் பித்தளை அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு வலப்பனைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய், சிங்களத்தில் பேரம் பேசி, அண்டாவைக் கொடுத்து மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு திரும்பி வந்தாள். அந்த மூட்டை இருந்தவரை காம்பராவில் ஒரு பிள்ளையும் வெறும் வயிற்றோடு தூங்கவில்லை. இதை யாராவது நினைவுபடுத்தினால், "ஆமா, அந்த அண்டா ஓட்டை. அந்தப் பொம்பளைக்கு இன்னும் தெரியாது" என்பாள்.

அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. அடுப்பு.

பிள்ளைக்காம்பரா என்பது பழைய உர ஸ்டோர். ஒரே அறை. அடுப்பு அங்கே இல்லை. முற்றத்தைத் தாண்டி, நாலைந்து கல்படி இறங்கி, கானைக் கடந்தால் ஒரு தகரக் கொட்டகை. பால் அங்கேதான் காய்ச்ச வேண்டும். காய்ச்சிய பாலைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு கானைத் தாண்டி, பாசி பிடித்த படியேறி வரவேண்டும், அதுவும் விலகிய முழங்காலோடு. ஒரு நாள் மழையில் கால் வழுக்கியது. கொதிக்கிற பால் இடது கையில் முழங்கைவரை கொட்டியது. அன்றைக்கு அழகம்மாவின் பெண்குழந்தை, நடை பழகின நேரம், ஆயாம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்திருந்தது. பால் இந்தப் பக்கம் கொட்டியதால் ஆயாம்மாவின் கை. அந்தப் பக்கம் கொட்டியிருந்தால் பிள்ளையின் தலை.

கை ஆறியது, தோல் சுருங்கிப் போனதோடு. மனசு ஆறவில்லை. "கூரைக்குள்ள ஒரு அடுப்படி வேணும். அவ்வளவுதான். எனக்கு மாளிகை வேணாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினாள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த பெரியதொரை, இடம் தரலாம், காசு கிடையாது என்றார்.

எழுபத்தொன்பதில் ஹட்டனில் ஆயாம்மாமாருக்கு ஏதோ வகுப்பு என்று கூப்பிட்டார்கள். வகுப்பில் பேசினவர்களில் ஒருவர் முத்துலிங்கம். வெளிநாட்டுக்காரர் உதவியில் நடக்கும் ஒரு கொழும்பு ஆபீஸ்காரர். யாழ்ப்பாணத்து ஆள், மூக்குக் கண்ணாடி, மெதுவான பேச்சு. கடைசியில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். மார்கிரட் எழுந்து, கேள்வி ஒன்றும் கேட்காமல், சேலையை விலக்கித் தன் கையைக் காட்டினாள்.

ரெண்டு மாதத்தில் முத்துலிங்கம் ஜீப்பில் கல்லுமலைக்கு வந்துவிட்டார். காம்பராவைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், படியில் இறங்கிப் பார்த்துத் தானும் ஒரு தடவை வழுக்கினார். புதுக் காம்பரா, ரெண்டு அறை, கூடவே புகைபோக்கி வைத்த அடுப்படி என்று படம் வரைந்துகொண்டார். "ஒப்பந்தம் ஜூலைக் கடைசியில வரும் அம்மா. கையெழுத்து வைச்ச உடன வேலை தொடங்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலைக் கடைசி என்றால் ஆடி. சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

கோயில் மடுவத்துக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். மாயாண்டி தலைவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, "ஆடியிலயா?" என்றார். "ஆடியில எவனாச்சும் அஸ்திவாரம் போடுவானா? அதுவும் பச்சப் புள்ளைங்க படுக்கிற எடத்துக்கு?"

"பேப்பர் ஆடியிலதான் வருதாம் தலைவரே. கொழும்புக்காரனுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது?" என்றாள் மார்கிரட்.

"ஒங்களுக்கும்தான் கெடையாது. ஒங்க மாதா கோயில்ல ஆடியில கல்யாணமே வைக்கிறாங்க."

"வைக்கட்டும். சந்தோசமாத்தானே இருக்காங்க?"

கூட்டம் சிரித்தது. ஆனால் அழகம்மா சிரிக்கவில்லை. "ஆயாம்மா, ஆடியில தொடங்குன வீட்டுல எம்புள்ளைய நான் விட மாட்டேன். கோவிச்சுக்கிறாதீங்க" என்றாள். மற்றத் தாய்மாரும் தலையை ஆட்டினார்கள். பிள்ளை வராத பிள்ளைக்காம்பராவைக் கட்டி என்ன செய்வது?

மாயாண்டிதான் வழி சொன்னார். "ஆடியில தொடங்கத்தான் கூடாது. தொடங்குன வேலைய செய்யலாம். ஆனி முடியிறதுக்குள்ள ஒரு நல்ல நாள் இருக்கு. தேங்கா ஒடச்சி, மஞ்சத்தண்ணி தெளிச்சி, கல்ல வச்சிருவோம். பேப்பர் வரும்போது வரட்டும்."

"கல்லுக்குக் காசு?"

"கோயில் காசு சும்மாதானே கெடக்கு. அங்கேர்ந்து காசு வந்த ஒடனே கோயிலுக்குக் கட்டிருங்க. சூசை, நீ என்னா சொல்ற?"

"கல்லு வந்தா கட்டுவேன். எனக்கென்னா?" என்றான் சூசை. அன்றைக்கு அது எல்லோருக்கும் கெட்டிக்காரத்தனமாகவே பட்டது. இவ்வளவு சுறுசுறுப்பான சனம் என்று பார்த்தால் கொழும்புக்காரர்களும் சந்தோஷப்படுவார்கள் என்று மார்கிரட் நினைத்தாள்.

பூண்டுலோயாவிலிருந்து ஒரே லொறியில் கருங்கல்லும், அடுப்படிக்கும் புகைபோக்கிக்கும் செங்கல்லும் வந்து இறங்கின. ஆனி மாதத்துக் கடைசி நல்ல நாளில் கல் வைத்தார்கள். வைத்த பிறகு ஒருவனாலும் சும்மா இருக்க முடியவில்லை. தொட்ட வேலையைப் பாதியில் போடுவதும் ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேலை முடிந்து வந்த ஆண்கள் கல் சுமந்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். சூசை நூல் கட்டி, குண்டு தொங்கவிட்டு, மூலைக்கு மூலை சீமெந்து வைத்து ஏற்றினான். கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றும்போது சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. மார்கிரட் பொழுது சாயும்போது வந்து அடுப்படி வரப்போகிற மூலையில் நின்றுகொண்டு, கையை நீட்டிக் காற்றில் சட்டியை இறக்கி வைத்துப் பார்ப்பாள். அங்கிருந்து பிள்ளைகள் படுக்கும் அறைக்கு ரெண்டு எட்டு. படி இல்லை, கான் இல்லை.

முத்துலிங்கம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்த நாளன்று சுவருக்கு மாலை போட்டிருந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கியவர் மாலையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன அம்மா இது?"

"சொவரு ஐயா."

"சுவர் எண்டு தெரியுது. ஆர் கட்டச் சொன்னது?"

"நாங்களே கட்டுனோம் ஐயா. நீங்க வர்ற வரைக்கும் சும்மா இருக்கலாமா?" மார்கிரட்டின் முகம் அப்போதும் மலர்ந்துதான் இருந்தது.

முத்துலிங்கம் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் தொடங்கின வேலைக்கு எங்கட ஆக்கள் ஒரு சதமும் தர மாட்டினம் அம்மா. புது வேலைக்கு மட்டும்தான் ஒப்பந்தம். வெறும் நிலத்தைப் படம் எடுத்து முதல்ல அனுப்ப வேணும். பிறகு அத்திவாரம். பிறகு சுவர். நான் இப்ப எதைப் படம் எடுக்கிறது?"

"இந்தச் சொவத்த எடுங்க. எவ்வளவு நேரா நிக்குது பாருங்க" என்றான் சூசை.

"நேரா நிக்கிறதுதான் தம்பி கரைச்சல்."

மாயாண்டி முன்னால் வந்தார். "ஐயா, ஆடியில தொடங்கக் கூடாதுன்னுதான் ஆனியிலயே கல்லு வச்சோம். இத அவங்களுக்கு எழுதுனா வெளங்கிக்க மாட்டாங்களா?"

"லண்டனுக்கு ஆடி எண்டு எழுதவோ?" என்றார் முத்துலிங்கம். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துத்தான் கேட்டார். பிறகு எழுந்து வந்து, மார்கிரட்டிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நான் இண்டைக்கு இங்க வரேல்லை. இந்தச் சுவரை நான் காணேல்லை. வாற கிழமை வருவன். அப்ப இந்த இடம் வெறும் நிலமா இருந்தா, படம் எடுத்து, கையெழுத்து வைச்சு, காரியத்தைப் பார்க்கலாம். இல்லையெண்டா எல்லாம் இதோட சரி. கூரையும் இல்லை, ஒண்டும் இல்லை. உங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

ஜீப் போனது. மாலையில் இருந்த செவ்வந்திப் பூவை ஒரு ஆடு வந்து தின்றது. அதை விரட்டவும் ஆள் இல்லை.

"இடிச்சிருவோம்" என்றாள் மார்கிரட்.

மாயாண்டி ரெண்டு எட்டு பின்னால் போனார். "நான் ஒண்ணு சொல்றேன் ஆயாம்மா. அது தேங்கா ஒடச்ச கல்லு. மஞ்சத்தண்ணி தெளிச்ச கல்லு. ஆடி மாசத்துல அத நெம்பி எடுக்கிறவன் வீட்டுல என்னா நடக்கும்னு எனக்குத் தெரியாது. எங்காளு ஒருத்தனும் கை வைக்க மாட்டான்."

எல்லோரும் திரும்பினார்கள். எல்லோருடைய கண்ணும் சூசைரட்ணத்தின் மேல் வந்து நின்றது.

"என்னாங்கடா பாக்குறீங்க?" என்றான் சூசை.

"ஒனக்குத்தான் ஆடி கெடையாதே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆடி கெடையாதுடா. மானமும் கெடையாதா? நான் கட்டுன சொவரு. நானே இடிக்கணுமா?" கொத்துக்கரண்டியைக் கல்லின் மேல் எறிந்துவிட்டு லயத்து வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு மேசனுக்கு வேலை தெரியாது என்று சொல்லலாம், குடிப்பான் என்று சொல்லலாம், தாங்கிக்கொள்வான். நல்ல சுவரை இடி என்று சொல்வது பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரி.

பின்னாலேயே மார்கிரட் வந்தாள். வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"சூசை."

"போயிருங்கக்கா. வாயில வந்துரும்."

"வரட்டும். திட்டிட்டு வா."

"அந்தாளு கையெழுத்துல தேதி மாத்திப் போட்டா முடிஞ்சு போற காரியம். அத விட்டுட்டு எங் கல்ல எடுக்கச் சொல்றான். கொழும்புல படிச்சவன் புத்தி இதுதானா?"

"அவரு பொய் எழுத மாட்டாராம். ஆனா நம்மள இடிக்கச் சொல்லுவாராம். எனக்கும் வெளங்கலதான்."

"அப்ப வேணாம்னு சொல்லுங்க. நாமளே கட்டுவோம்."

"கூரைக்குத் தகரம் ஒங்கப்பன் குடுப்பானா?" என்று கத்தினாள் மார்கிரட். பிறகு குரல் இறங்கியது. "சூசை, இந்த மழைக்கு அந்தப் படி எப்படி இருக்குன்னு ஒனக்குத் தெரியும். எங்காலும் ஒனக்குத் தெரியும். அடுத்த தடவ நான் வழுக்கும்போது பால் எந்தப் பக்கம் கொட்டும்னு எனக்குத் தெரியாது. எனக்கு அடுப்படி வேணும். சொவரு யாரு கட்டுனா, யாரு இடிச்சா, எனக்கு வேணாம்."

மறுநாள் சூசை அலவாங்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். மழை பெய்துகொண்டே இருந்தது. தோட்டமே லயத்து வாசல்களில் நின்று பார்த்தது, ஒருவனும் இறங்கி வரவில்லை. மண் வைத்த கல் சுலபமாக வந்துவிட்டது. சீமெந்து வைத்த மூலைகள்தான் வரவில்லை. தன் வேலை இவ்வளவு உறுதி என்று அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. ஒவ்வொரு மூலையையும் நெம்பும்போது வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். கொழும்பைச் சொன்னான், லண்டனைச் சொன்னான், மாயாண்டியின் நல்ல நாளைச் சொன்னான். மார்கிரட் சுருங்கிய கையாலும் சுருங்காத கையாலும் கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலைக்குள் மறைத்து வைத்தாள். கடைசியில் அஸ்திவார வாணத்தை மூடி, மேலே புல்லுக்கட்டி வெட்டி வைத்து மிதித்தார்கள். செங்கல் அடுக்கை மிலாறு போட்டு மூடினார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி அந்தத் தோட்டத்தில் எங்கே கிடந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முத்துலிங்கம் வந்தார். வெறும் நிலத்தின் நடுவில் மார்கிரட்டை நிறுத்திப் படம் எடுத்தார். "கொஞ்சம் சிரியுங்கோ அம்மா" என்றார். மார்கிரட் சிரிக்கவில்லை. ஆபீஸ் ஜன்னலில் வைத்துக் கையெழுத்தாயிற்று. பிறகுதான் அவர் அடுத்ததைச் சொன்னார்: "ரெண்டு கிழமைக்குள்ள வேலை தொடங்க வேணும். தொடங்காட்டி ஒப்பந்தம் விழுந்துபோகும்."

ரெண்டு வாரத்துக்குள் ஆடி முடியாது.

இடிப்பதற்கு முன்னால் அது தொடங்கிய வேலை. ஆடியில் செய்யலாம். இடித்த பிறகு அது புது வேலை. ஆடியில் தொடக்கூடாது. மாயாண்டி கையை விரித்தார். அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது, ஆனால் விரித்த கை விரித்ததுதான். அழகம்மா வந்து, "ஆயாம்மா, பழைய நல்ல நாளே போதும், அது பழைய கல்லுதானே, நான் எம்புள்ளைய விடுறேன்" என்றாள். தாய்மார் அந்த அளவுக்கு இறங்கி வந்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டு ஆண்கள் கல் தூக்க வரவில்லை.

சூசை தனியாகத்தான் தொடங்கினான். தானே வாணத்தைத் திறந்து, மார்கிரட் மறைத்து வைத்த கல்லைத் தானே தூக்கி வந்து, அதே இடத்தில் அதே கல்லை வைத்தான். மார்கிரட் சாந்து குழைத்துக் கொடுத்தாள். ஆவணி பிறந்த அன்று காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி எல்லோரும் வந்து கல் தூக்கினார்கள். "என்னா சூசை, நாங்க இல்லாம வேல ஓடலையோ?" என்று கேட்டவனை அவன் சாந்துச் சட்டியால் அடிக்காமல் விட்டது மார்கிரட் பக்கத்தில் இருந்ததால்தான்.

இவ்வளவுக்குப் பிறகாவது காரியம் நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கல்லுக்கும் செங்கல்லுக்கும் காசு கேட்டு லொறிக்காரன் தந்த பில்லைக் கொடுத்தார்கள். முத்துலிங்கம் தேதியைப் பார்த்தார். ஆனி மாதத்துத் தேதி.

"இது கையெழுத்துக்கு முதல் வாங்கின சாமான் அம்மா."

"அதான் இடிச்சிட்டோமே ஐயா!" என்றாள் மார்கிரட். அவள் குரல் உடைந்து சூசை கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"சுவரை இடிச்சீங்கள். பில்லை இடிக்க ஏலாதே. புதுசா வாங்குங்கோ. புதுப் பில் காட்டினா, காசு வரும்."

"வாங்குறதுக்குக் காசு?"

"நீங்கள் முதல்ல வாங்க வேணும். பில்லைக் காட்டினாத்தான் நாங்கள் தரலாம்."

காசு வாங்குவதற்கு முதலில் காசு வேண்டும் என்ற இந்தக் கணக்கை சூசை எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டான். படித்தவர்களிடம் கேட்டிருக்கிறான். அதுதான் முறை என்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லாதவனுக்குத்தானே உதவி? அவன் எதை வைத்துத் தொடங்குவான்? கூரைத் தகரமும் மரமும் கொழும்பிலிருந்தே லொறியில் வந்தன. சூசையின் கூலியும் வந்தது. இடித்த கூலிக்கு மட்டும் எந்தத் தாளிலும் இடமில்லை. லொறியில் கூடவே உதவி செய்தவர்களின் பெயர் எழுதிய பெரிய போர்டு ஒன்றும் வந்தது. நல்ல மரம், நல்ல பெயின்ட். அதற்கு யாரும் பில் கேட்டதாகத் தெரியவில்லை.

கோயில் காசு வரவில்லை. மாயாண்டியைக் குற்றம் சொல்ல முடியாது. ஊர்க் காசு, ஊர் கேட்கும். சுவருக்குள் போன கல்லைத் திருப்பிக் கேட்க முடியாது. மிலாறுக்கு அடியில் இருந்த செங்கல்லைக் கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். மார்கிரட் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அந்தச் செங்கல்லில் மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கும் அடுப்படி கட்டினார்கள், புகைபோக்கியோடு. கட்டியது சூசைதான். மேசன் வேறு யார் இருக்கிறார்கள்?

"சாமிக்கு அடுப்பு வந்திருச்சு. புள்ளைகளுக்குத்தான் வரல" என்றாள் மார்கிரட்.

புதுப் பிள்ளைக்காம்பரா நன்றாகத்தான் இருந்தது. ரெண்டு அறை, வெளிச்சம், ஒழுகாத கூரை. திறந்த அன்று பெரியதொரை வந்தார், முத்துலிங்கம் வந்தார். ரெண்டு பேரும் பேசினார்கள், கேக் வெட்டினார்கள். விருந்தாளிகளுக்குப் பால்தேத்தண்ணி அதே தகரக் கொட்டகையிலிருந்து, அதே கானைத் தாண்டி, அதே படியேறி வந்தது. மார்கிரட்தான் தூக்கி வந்தாள். சூசை கூட்டத்தை விட்டு எழுந்து போய் அவள் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து மழை நாளில் அந்தப் பக்கம் வேலை இருந்தால், பால் காய்கிற நேரத்துக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பான். ஒரு மேசன் பால்சட்டி தூக்குகிறான் என்று லயத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒவ்வொரு வருஷமும் அடுப்படியைப் பற்றிப் பேச்சு வரும். மலையில் கல் இருக்கிறது, கட்டுவோம் என்பான் சூசை. பொறு என்பாள் மார்கிரட். முத்துலிங்கம் மாறிப்போய் வேறொருவர் வந்தார், அவர் போய் இன்னொருவர் வந்தார். வந்தவர் ஒவ்வொருவரும், அடுத்த திட்டத்தில் போடலாம், அதுவரைக்கும் கை வைத்துவிடாதீர்கள் என்றார்கள். ஒரு தடவை சூடு பட்டவள் ஆயிற்றே. கை வைத்தால் கெட்டுப்போகுமோ என்று பயந்தே அந்த மூலையில் ஒரு கல்லைக்கூட வைக்கவிடவில்லை. பெரட்டுக்களத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தவளா இவள் என்று சூசைக்கு எரிச்சலாக வரும். அவளிடமே கேட்டும் இருக்கிறான். "அப்ப எனக்குப் பேப்பர் பழக்கமில்ல சூசை" என்றாள்.

எண்பத்தாறில் வேலையிலிருந்து நின்றாள். மகளோடு இருக்கப் பொல்பிட்டியவுக்குப் புறப்பட்டாள். போய் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. பங்குனியில் செத்துப் போனாள் என்று சிசிலி ஆள் அனுப்பினாள். சூசை போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ஆகவே அவன் அவளைக் கடைசியாகப் பார்த்தது, அவள் தோட்டத்தை விட்டுப் போன அன்றைக்கு, பூண்டுலோயா பஸ் நிற்குமிடத்தில்.

அதுவும் ஆடி மாதம்தான். "ஆடியில வீட்ட விட்டுப் போவாங்களா ஆயாம்மா, ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க" என்று கிழவனாகிப் போன மாயாண்டி பஸ் வரைக்கும் வந்து கெஞ்சினார். "எனக்கு ஏது தலைவரே ஆடி?" என்று அவர் கையைப் பிடித்து விட்டுவிட்டு ஏறினாள். சூசை பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். டிரைவர் ஹாரன் அடித்தான். மார்கிரட் சுருங்கிய கையை வெளியே நீட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"சூசை, தொர ஆபீசுல சொன்னாங்க. வாற மாசம் புதுசா ஒரு ஆளு வர்றாராம். அடுப்படிக்குப் பேப்பரோட."

"நல்லதுதானேக்கா."

"நல்லது இல்ல. புது ஆயாம்மா சின்னப் பொண்ணு, பொறுன்னு சொன்னா பொறுத்துக்கிட்டே இருப்பா, என்னைய மாதிரி. ஆடி முடிய இன்னும் நாளு கெடக்கு. இவங்க ஒருத்தனும் கிட்ட வர மாட்டான், நீ தனியாத்தான் செய்யணும். நேரா போ. வீட்டுக்குப் போகாத. அந்த ஆளு வர்றதுக்கு முன்னாடி, எவன் வந்து சொன்னாலும் இடிக்க ஏலாத மாதிரி, மூலைக்கு மூல சீமெந்து வச்சி, அந்த அடுப்படியக் கட்டிரு."